‘இது யாருக்கும் தோன்றுமே!’
கிருமி கொல்லும் கையுறைக்குப் பேடண்டு உரிமை உண்டா?

மீஞ்சூர் மீன் கடைப் பக்கம் போனால் இறால் உரிக்கும் பெண்களைப் பார்க்கலாம்.

பழவேற்காட்டு ஏரியில் பிடித்த இறால் எதிரே குவிந்து கிடக்கும். தலையைக் கிள்ளுவார்கள். ஓட்டை உரிப்பார்கள். குடலை உருவி எறிவார்கள். கண் மூடித் திறப்பதற்குள் அடுத்த இறால் கையில் இருக்கும்.

அந்தக் கைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

இறாலின் தலையில் ஊசி போன்ற கொம்பு உண்டு. அது குத்திய தழும்புகள் விரல் எல்லாம் இருக்கும். நண்டுக் கொடுக்கு கிழித்த கோடுகள் இருக்கும். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறித் தோல் சுருங்கிப் போயிருக்கும். மீனிலும் உப்பு நீரிலும் சில பொல்லாத கிருமிகள் உண்டு. சின்னக் கீறல் போதும். அதன் வழியே உள்ளே நுழைந்துவிடும். விரல் வீங்கும். சில சமயம் கையே வீங்கிவிடும். நாலு நாள் வேலை இல்லை. நாலு நாள் கூலியும் இல்லை.

“ரப்பர் கையுறை போட்டுக் கொள்ளக் கூடாதா?” என்று கேட்கலாம்.

போட்டுக் கொள்ளலாம். ஆனால் இறால் கொம்பு ரப்பரையும் குத்தும். ஓட்டை விழுந்த உறைக்குள் அழுக்குத் தண்ணீர் புகுந்து தேங்கும். கை அதிலேயே ஊறும். உறை போடாத கையே மேல் என்று ஆகிவிடும்!

ஒரு கையுறை, ஒரு தகராறு

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக் கொள்வோம்.

ஊரில் சிறிய ரப்பர் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் இந்தக் கஷ்டத்தைப் பார்க்கிறார். கிருமியைக் கொல்லும் மருந்தைக் கையுறையிலேயே சேர்த்துவிடுகிறார். கொம்பு குத்தினாலும் கிருமி செத்துவிடும். கைக்கு ஆபத்து இல்லை.

“இது என் கண்டுபிடிப்பு. என் அனுமதி இல்லாமல் வேறு யாரும் செய்யக் கூடாது” என்று அவர் பேடண்டு கேட்கிறார்.

பக்கத்துப் பட்டறைக்காரர் சிரிக்கிறார். “இது என்ன அண்ணே பெரிய கண்டுபிடிப்பு? ரப்பர் கையுறை பழசு. கிருமி மருந்தும் பழசு. இரண்டையும் சேர்க்க யாருக்கும் தோன்றுமே!”

“அப்படியானால் இத்தனை நாளாக உனக்கு ஏன் தோன்றவில்லை, தம்பி?” என்று முதல்வர் திருப்பிக் கேட்கிறார்.

இருவர் பேச்சிலும் நியாயம் இருப்பதுபோல் தெரிகிறது. யார் பக்கம் தீர்ப்புச் சொல்வது?

பேடண்டுச் சட்டத்திலேயே மிகவும் சிக்கலான கேள்வி இதுதான். உலகம் முழுவதும் நீதிபதிகள் இதை வைத்துக் கொண்டு தலையைப் பிய்த்துக் கொள்கிறார்கள்.

20 ஆண்டு ‘முறை’

பேடண்டு என்றால் என்ன? பழவேற்காட்டு மீனவர்களுக்கு இதை விளக்குவது எளிது.

அங்கே ‘பாடு’ என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் சில இருக்கின்றன. உரிமை உள்ள குடும்பங்கள் அந்த இடங்களுக்குச் சீட்டுப் போட்டு முறை வைத்துக் கொள்கின்றன. முறை வந்தவர் வலை கட்டுவார். அன்று மற்றவர் அந்த இடத்தில் கை வைக்கக் கூடாது. முறை முடிந்தால் அடுத்தவர்.

பேடண்டும் ஒரு முறைதான். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 20 ஆண்டு. அதுவரை கண்டுபிடித்தவர் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அந்தப் பொருளைச் செய்யவோ விற்கவோ முடியாது. அதற்குப் பதிலாக அவர் தம் ரகசியத்தை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். 20 ஆண்டு முடிந்தால் அது ஊர்ச் சொத்து.

ஆனால் ஒன்று. ஏற்கெனவே ஊருக்குப் பொதுவாக இருக்கும் தண்ணீரை ஒருவர் வேலி போட்டு வளைத்துக் கொண்டால்? அது அநியாயம் அல்லவா? அதனால்தான் சட்டம் இரண்டு கேள்வி கேட்கிறது.

முதல் கேள்வி: இது புதிதா?

இரண்டாவது கேள்வி: புதிதாகவே இருந்தாலும், அந்தத் தொழில் தெரிந்தவருக்குச் சுலபமாகத் தோன்றக் கூடியதா? தோன்றக் கூடியது என்றால் பேடண்டு கிடையாது.

மிர்ஜாப்பூர் பாத்திர வழக்கு

நம் நாட்டில் இந்த இரண்டாவது கேள்விக்கு வழி காட்டிய வழக்கு கையுறை வழக்கு அல்ல. ஒரு பாத்திர வழக்கு!

உத்தரப் பிரதேசத்தில் மிர்ஜாப்பூர் என்று ஓர் ஊர். பித்தளைப் பாத்திரங்கள் செய்யும் ஊர். பாத்திரத்தைக் கடைசல் எந்திரத்தில் மாட்டிச் சுழல விட்டுக் கடைந்து மெருகு ஏற்றுவார்கள். பழைய முறையில் ஓர் ஆபத்து இருந்தது. சுழலும் வேகத்தில் பாத்திரம் பிடி நழுவிப் பறந்துவிடும்! எதிரே நிற்கும் தொழிலாளியின் மேலேயே வந்து விழலாம்.

‘இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்டிரீஸ்’ என்ற நிறுவனம் இதற்கு ஒரு வழி செய்தது. எந்திரத்தின் மறுமுனையிலிருந்து கூர்முனைத் தண்டு ஒன்றைக் கொண்டுவந்து பாத்திரத்தை அழுத்திப் பிடிக்கச் செய்தார்கள். பாத்திரம் நழுவவில்லை. வேலையும் வேகமாக நடந்தது. 1951-ல் விண்ணப்பம் போட்டு, 1953-ல் பேடண்டு பெற்றார்கள்.

அதே ஊரில் ‘பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம்’ என்று இன்னொரு பாத்திர நிறுவனம். அவர்கள் அதே முறையைப் பயன்படுத்துவதாக வழக்கு வந்தது.

“கடைசல் எந்திரத்தில் இப்படி அழுத்திப் பிடிக்கும் தண்டு காலம் காலமாக இருக்கிறது. இதில் என்ன கண்டுபிடிப்பு?” என்று அவர்கள் வாதாடினார்கள். பேடண்டையே ரத்துச் செய்யக் கோரினார்கள்.

அலகாபாத் ஐகோர்ட்டில் தனி நீதிபதி “பேடண்டு செல்லாது” என்றார். அப்பீலில் இரு நீதிபதிகள் “செல்லும்” என்றார்கள். கற்றறிந்த நீதிபதிகளுக்குள்ளேயே இரண்டு கருத்து! வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

1978 டிசம்பர் 13-ந் தேதி தீர்ப்பு வந்தது. நீதிபதி சர்க்காரியா தீர்ப்பை எழுதினார். பேடண்டு செல்லாது! பழைய கருவியைப் பழைய வேலைக்கே கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பட்டறையில் அன்றாடம் செய்யும் சில்லறைத் திருத்தத்துக்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்று கோர்ட்டு முடிவு செய்தது.

விண்ணப்பத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே 27 ஆண்டுகள் ஓடிவிட்டன.

யார் அந்தத் தொழில் தெரிந்தவர்?

அந்தத் தீர்ப்பு ஓர் அளவுகோலையும் தந்தது.

கண்ணை மூடிக் கொண்டு ஒரு மனிதரைக் கற்பனை செய்யச் சொல்கிறது சட்டம். அவர் உலக மேதை அல்ல. நேற்று வேலைக்குச் சேர்ந்த எடுபிடிப் பையனும் அல்ல. தம் தொழிலை நன்றாகக் கற்றவர். விண்ணப்பம் போட்ட நாள்வரை அந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த சங்கதிகள் அவருக்கும் தெரியும்.

ஆனால் புதிய கண்டுபிடிப்பைப் பற்றி மட்டும் அவர் காதில் ஒரு வார்த்தைகூடப் போடக் கூடாது!

அவரிடம் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். பழைய ஏடுகளைக் கொடுக்க வேண்டும். அவற்றைப் படித்துவிட்டு “எனக்கு வேண்டியது இதோ இருக்கிறதே!” என்று சொல்வாரா? சொல்வார் என்றால் அது கண்டுபிடிப்பு ஆகாது. விழித்துக் கொண்டு நிற்பார் என்றால் அது கண்டுபிடிப்பு.

மிர்ஜாப்பூரில் கடைசல் வேலை தெரிந்தவருக்கு அந்தத் தண்டு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதனால் பேடண்டு போயிற்று.

விடுகதை போட்டவரும் விடை கேட்டவரும்

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது.

பாட்டி விடுகதை போடுகிறாள். பேரப் பிள்ளைகள் மண்டையை உடைத்துக் கொள்கிறார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் பாட்டி விடையைச் சொல்கிறாள். உடனே எல்லோரும் என்ன சொல்வார்கள்?

“ப்பூ! இவ்வளவுதானா?”

விடை தெரிந்த பிறகு எந்த விடுகதையும் சுலபம். கண்டுபிடிப்பும் அப்படித்தான். நீதிபதியின் மேஜைக்கு வரும்போது கையுறை தயாராக இருக்கிறது. விடையைக் கையில் வைத்துக் கொண்டு விடுகதையின் கடினத்தை அளக்க வேண்டும்! சற்று அசந்தால், உண்மையாகவே பாடுபட்டுக் கண்டுபிடித்தவரின் வயிற்றில் அடித்ததாக ஆகிவிடும்.

ஒரு நர்சின் கைகள்

கையுறையின் கதையே இதற்கு நல்ல சாட்சி.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி. வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற பெரிய டாக்டர் அங்கே ஆபரேஷன் செய்வார். ஆபரேஷனுக்கு முன்பு கையைப் பாதரச மருந்து கலந்த தண்ணீரில் கழுவ வேண்டும். கிருமி சாகும். ஆனால் கரோலின் ஹாம்ப்டன் என்ற நர்சுக்கு அந்த மருந்து ஒத்துக் கொள்ளவில்லை. கையெல்லாம் புண்.

வேலையையே விட்டுவிட வேண்டியதுதான் என்ற நிலைமை. ஹால்ஸ்டெட்டுக்கு மனம் பொறுக்கவில்லை. ரப்பர் கம்பெனிக்குச் சொல்லி மெல்லிய கையுறைகள் செய்து வாங்கிக் கொடுத்தார். இது 1889-90 குளிர்காலத்தில் நடந்தது. 1890-ல் இருவருக்கும் கல்யாணமும் நடந்தது!

நர்சின் கையைக் காப்பாற்றவே அந்த உறை வந்தது. நோயாளியைக் கிருமியிலிருந்து காப்பாற்றவும் அதே உறை உதவும் என்பது அப்போது பெரிதாக யாருக்கும் படவில்லை. ஆபரேஷன் செய்யும் எல்லோரும் எப்போதும் கையுறை போட வேண்டும் என்ற வழக்கம் வரச் சில ஆண்டுகள் பிடித்தன. “இதைக் கூடப் பார்க்காமல் எப்படிக் குருடர்களாக இருந்தோம்!” என்ற பொருளில் ஹால்ஸ்டெட்டே பிற்காலத்தில் வியந்து எழுதினார்.

கண் எதிரே தினமும் கிடந்த விஷயம். பெரிய பெரிய டாக்டர்கள். ஆனாலும் தோன்றவில்லை! ‘யாருக்கும் தோன்றுமே’ என்று அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

ரப்பர் பால் திரிந்துவிடும்!

மீஞ்சூர்க் கையுறைக்குத் திரும்புவோம். தீர்ப்புச் சொல்லும் முன் கையுறை எப்படித் தயாராகிறது என்று பார்க்க வேண்டும்.

பீங்கானில் கை போன்ற அச்சு இருக்கும். அதை முதலில் ஓர் உப்புக் கரைசலில் நனைப்பார்கள். பிறகு ரப்பர் பாலில் முக்கி எடுப்பார்கள். பால் அச்சின் மேல் தோலாகப் படியும். அதைக் கழுவிச் சூட்டில் வேகவைத்து உருவி எடுத்தால் கையுறை.

இதில் மருந்தை எங்கே சேர்ப்பது?

“தயாரான கையுறையின் மேல் மருந்தைப் பூசிவிட்டேன்” என்று ஒருவர் சொல்கிறார். இது தொழில் தெரிந்த எவருக்கும் தோன்றும். பேடண்டு கிடைப்பது கஷ்டம்.

“மற்றவர்கள் அந்த மருந்தைச் சேர்த்தார்கள். நான் அதே மாதிரியான வேறு மருந்தைச் சேர்த்தேன்” என்கிறார் இன்னொருவர். அதனால் எதிர்பாராத நன்மை ஏதும் விளையாவிட்டால் இதுவும் தேறாது.

“ரப்பர் பாலிலேயே மருந்தைக் கலந்தேன்” என்கிறார் மூன்றாமவர். இங்கேதான் சங்கதி இருக்கிறது! ஆஸ்பத்திரிகளில் பயன்படும் குளோர்ஹெக்சிடின் போன்ற மருந்துகளை ரப்பர் பாலில் ஊற்றினால், காய்ச்சிய பாலில் எலுமிச்சம் பழம் பிழிந்த கதைதான். பால் திரிந்துவிடும். திரியாமல் பார்த்துக் கொண்டாலும் மருந்து ரப்பருக்குள் சிறைப்பட்டுக் கிருமியை எட்டாமல் போகலாம். தாராளமாக வெளியே கசிந்தால் இறாலிலும் சேர்ந்துவிடும். சாப்பிடுகிறவர் வயிற்றுக்குப் போகும்.

இத்தனை தடைகளையும் ஒருவர் தாண்டினால்? மருந்து கையின் பக்கமே இருந்து, கொம்பு குத்திய இடத்தில் மட்டும் வேலை செய்யும்படி வழி கண்டால்? “கலக்காதே, கெட்டுவிடும்” என்று தொழில் நூல்கள் எச்சரித்ததை அவர் கலந்து காட்டியிருந்தால்? அப்போது “யாருக்கும் தோன்றும்” என்ற பேச்சு எடுபடாது. அவர் பக்கம் வலுவாக இருக்கும்.

கிருமி கொல்லும் கையுறையைப் பல வழிகளில் செய்ய முடியும் என்பதை உலகம் பார்த்துவிட்டது. 2018-ல் மலேசியாவின் ஹார்ட்டலேகா கம்பெனி, வெளிச்சம் பட்டால் கிருமியைக் கொல்லும் கையுறையை வெளியிட்டது. அதில் கலந்துள்ள ஒருவகைச் சாயம் வெளிச்சத்தில் காற்றின் பிராணவாயுவைக் கிருமிக்கு எமனாக மாற்றுகிறது. எண்ணம் ஒன்று, வழிகள் பல. “கிருமி கொல்லும் கையுறை வேண்டும்” என்று நினைப்பது ஆசை. அதை அடையும் வழியைக் காட்டுவதுதான் கண்டுபிடிப்பு.

கலவையா, இட்லியா?

இந்தியப் பேடண்டுச் சட்டம் 1970-ம் ஆண்டுச் சட்டம். பின்னால் பலமுறை திருத்தப்பட்டது. பொருள்களை வெறுமனே கலந்து, ஒவ்வொன்றும் தன் தன் குணத்தை மட்டும் காட்டினால் பேடண்டு இல்லை என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது.

அரிசியையும் உளுந்தையும் ஒரே பையில் கொட்டினால் அது கலவை. அரைத்துப் புளிக்க வைத்து ஆவியில் வேகவைத்தால் இட்லி! அரிசியிடமும் இல்லாத, உளுந்திடமும் இல்லாத ஒரு குணம் இட்லிக்கு வந்துவிடுகிறது. முதன் முதலில் அதைச் செய்தவர் கண்டுபிடிப்பாளர்.

ரப்பர் தண்ணீரைத் தடுக்கிறது. மருந்து கிருமியைக் கொல்கிறது. அவ்வளவுதான் என்றால் அது கலவை. இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு நன்மை விளைந்தால் அது இட்லி.

மஞ்சள் தந்த பாடம்

பேடண்டு தவறாகப் போனால் என்ன ஆகும் என்பதை மஞ்சள் காட்டியது.

புண்ணுக்கு மஞ்சள் போடுவது நம் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் 1995-ல் அமெரிக்காவில், மஞ்சள் தூளால் புண் ஆற்றும் முறைக்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குப் பேடண்டு கொடுத்துவிட்டார்கள்! நம் நாட்டு அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து நின்றது. பழைய நூல்களையும், 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் எடுத்துக் காட்டியது. 1997-ல் பேடண்டு ரத்தாயிற்று.

“எங்கள் பாட்டிக்கே தெரியும்” என்று சொன்னால் அமெரிக்காவில் போதவில்லை. ஏடு காட்ட வேண்டியிருந்தது. நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் ஒரு படி மேல். ஓர் ஊர் மக்களிடம் வாய்மொழியாக இருக்கும் அறிவைக் காட்டியும் பேடண்டை எதிர்க்கலாம். பழவேற்காட்டு மீனவப் பெண்கள் வழிவழியாகக் கைப்புண்ணுக்குச் செய்யும் வைத்தியத்தை ஒருவர் தம் கண்டுபிடிப்பு என்று எழுதிக் கொடுத்தால், அந்தப் பெண்களின் வாய்ச் சொல்லுக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

விண்ணப்பம் வெளியான பிறகு, பேடண்டு கொடுப்பதற்கு முன், யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பெரிய கம்பெனியாக இருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டு விண்ணப்பங்களைக் கவனிக்கும் பேடண்டு ஆபீஸ் சென்னை கிண்டியிலேயே இருக்கிறது.

பட்டறைக்காரருக்கு இரண்டு வார்த்தை

கண்டுபிடிப்பவர் நினைவில் கொள்ள வேண்டியவை இரண்டு.

ஒன்று: முதலில் விண்ணப்பம், பிறகு விற்பனை. கடையில் விற்றுவிட்டு அப்புறம் விண்ணப்பம் போட்டால், “இது ஊருக்குத் தெரிந்த பொருள்தானே?” என்று கதவை அடைத்துவிடுவார்கள்.

இரண்டு: தோல்விகளை எழுதி வைக்க வேண்டும். எத்தனை முறை பால் திரிந்தது? எந்தத் தேதியில் எந்த மருந்து பயன்படவில்லை? ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். “யாருக்கும் தோன்றுமே” என்று சொல்பவருக்குத் திரிந்த பாலின் கணக்கைவிட நல்ல பதில் கிடையாது.

அப்படியானால் நமது அண்ணனுக்கும் தம்பிக்கும் தீர்ப்பு என்ன?

மேலே பூசியது மட்டும்தான் என்றால் தம்பி ஜெயித்தார். இரண்டு பட்டறையும் கையுறை செய்யலாம், விலையும் குறையும். ரப்பர் பாலோடு போராடி யாரும் காணாத வழியைக் கண்டிருந்தால் அண்ணன் ஜெயித்தார். 20 ஆண்டு முறை அவருடையது. அதன் பிறகு அதுவும் ஊருக்குப் பொது.

எந்தப் பக்கம் தீர்ப்பானாலும், அதன் பலன் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஐஸ் தண்ணீரில் ஊறிக் கொண்டிருக்கும் அந்தக் கைகள்தான் அது.